வலது முன்கதவு

பெசன்ட் நகரில் சான்ட்ராவைப் பொய்க்காரி என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காது. சின்ன வயதில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், தன் பாவங்களைச் சொல்லி முடித்த கையோடு தம்பி ஷெல்டனின் பாவங்களையும் சாமியாரிடம் ஒப்பித்துவிட்டு வருகிறவள். வளர்ந்து விமானப் பணிப்பெண்ணாகி, பதினோரு வருஷ சர்வீஸில் குழுத் தலைவியாகவும் ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. பிளாஸ்க் மூடி உடைந்தால்கூட யார் கை பட்டு உடைந்தது என்று அறிக்கையில் எழுதுவாள். அப்படிப்பட்டவள்தான் இப்போது, தான் கையெழுத்துப் போட்ட ஒன்றரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு, இதில் எழுதியிருப்பது நடந்ததா நடக்கவில்லையா என்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை பிற்பகல், கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு வந்த விமானம் அது. நூற்று அறுபத்தெட்டுப் பயணிகள். ஓட்டியவர் கேப்டன் வெள்ளைத்துரை. பயணிகளைப் பார்த்துக்கொள்ள நான்கு பேர்: முன்பக்கம் தலைவியாக சான்ட்ராவும், வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதமான மெஹக்கும், பின்பக்கம் இன்னும் இரண்டு பேர். இறங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது கருகல் வாடை வந்தது. யாரோ கழிவறையில் சிகரெட் பிடிக்கிறான் என்றுதான் சான்ட்ரா முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பில்லை, நடக்கிற விஷயம்தான். ஆனால் வாடைக்குப் பின்னாலேயே கூரையோரமாகப் புகையும் வந்தது, பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்ட மாதிரி, மெலிதாக.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் அந்த நான்கு பேரும் செய்ததைப் பற்றி ஒருத்தரும் ஒரு குறை சொல்லவில்லை. சான்ட்ரா இன்டர்காமில் கேப்டனுக்குச் சொன்னாள். மெஹக் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் இருந்த இரண்டு பேரும் ஈரத் துண்டு கொடுத்து, குனியச் சொல்லி, அழுத குழந்தைகளை அம்மாக்களிடமிருந்து அப்பாக்களிடம் மாற்றி, ஜனத்தைக் கட்டிக் காத்தார்கள். வெள்ளைத்துரை வேறு எல்லா விமானத்தையும் காத்திருக்க வைத்துவிட்டு நேராக வந்து இறக்கினார். வண்டி ஓடுபாதையிலேயே நின்றது. எல்லாரையும் உடனே வெளியேற்றச் சொல்லி அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

இதுவரை நான்கு பேரின் அறிக்கையும் ஒன்றுதான். தகராறெல்லாம் இதற்கப்புறம் வந்த அரை நிமிடத்தில்.

முன்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு கதவு. இடது கதவு சான்ட்ராவின் பொறுப்பு, வலது கதவு மெஹக்கின் பொறுப்பு. ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. திறப்பதற்கு முன் அதன் வழியாக வெளியே பார்க்க வேண்டும். நெருப்போ, நெருப்பு என்று சந்தேகப்படும்படி ஏதாவதோ தெரிந்தால் திறக்கக் கூடாது. கதவுக்கு முதுகைக் காட்டிக் குறுக்கே நின்றுகொண்டு, வருகிற ஜனத்தை அடுத்த கதவுக்குத் திருப்பிவிட வேண்டும். ஆனால் தலைவியே வந்து பார்த்து, ஒன்றுமில்லை, திற என்றால் திறந்தாக வேண்டும். இதுதான் சட்டம்.

சான்ட்ரா இடது கதவைத் திறந்தாள். ரப்பர் சறுக்கு புஸ்ஸென்று ஊதிக்கொண்டு தரைக்கு இறங்கியது. ஆட்கள் சறுக்க ஆரம்பித்தார்கள். "மெஹக், திற" என்று சான்ட்ரா கத்தினாள். மெஹக் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் கத்தினாள். மெஹக் தலையை ஆட்டிவிட்டு, கதவை மறித்து நின்று, வந்தவர்களை எல்லாம் இடது பக்கம் தள்ளினாள். மொத்த முன்பாதி ஜனமும் ஒரே கதவில் நெருக்கியடித்து இறங்கியதில், மேற்கு மாம்பலம் அபயாம்பாள் என்ற அறுபத்திரண்டு வயது அம்மாள் சறுக்கின் அடியில் இன்னொருவர் மேல் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார்.

பிறகு தீயணைப்பு வண்டிக்காரர்கள் பார்த்து எழுதினார்கள்: வலது பக்கம் நெருப்பு இல்லை. சூடான இன்ஜின்மேல் தூறல் விழுந்து எழுந்த ஆவியாக இருக்கலாம்.

அதோடு போயிருக்கும். ஆனால் அபயாம்பாள் அம்மாள் கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு கம்பெனிக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். "பக்கத்திலேயே ஒரு கதவு சும்மா கிடந்தது. அதன் முன்னால் ஒரு பெண், ஸ்டாக் இல்லை என்கிற ரேஷன் கடைக்காரர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்." கம்பெனி விசாரணை வைத்தது.

விமானக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஏதாவது நடந்தால் தலைவி முதலில் அறிக்கை எழுதுவாள். மற்றவர்கள் அதை வாங்கிப் படித்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகிற மாதிரி தங்களுடையதை எழுதுவார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அக்கா எழுதியிருக்கிறாள், அக்காவுக்குத் தெரியாததா என்கிற மரியாதைதான். சான்ட்ரா எழுதியிருந்தாள்: "வலது கதவின் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். வெளியே புல்தரை தெரிந்தது. புகையோ நெருப்போ இல்லை. அதன் பிறகே திறக்கச் சொன்னேன்." பின்பக்கம் இருந்த இரண்டு பேரும், அங்கிருந்து முன்கதவு கண்ணுக்கே தெரியாது என்பதைக்கூட யோசிக்காமல், "தலைவி பார்த்த பிறகே உத்தரவு தந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மெஹக் மட்டும் வாங்கிப் படிக்கவில்லை. அவள் எழுதியது நாலே வரி. "கண்ணாடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. புகையா, நெருப்பா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் திறக்கவில்லை. மேடம் வலது கண்ணாடியைப் பார்த்ததை நான் காணவில்லை."

இதைப் படித்துவிட்டு ஆபீசில் சிரித்தார்களாம். தெரியவில்லை தெரியவில்லை என்று எழுதுவதற்கு ஒரு அறிக்கையா என்று. ஒரு பக்கம் பதினோரு வருஷ சர்வீஸ், தெளிவான கையெழுத்து, இரண்டு சாட்சி. இன்னொரு பக்கம் ஐந்து மாதக் குழந்தை. சான்ட்ரா பார்த்தது உண்மை என்றால், மெஹக் ஆபத்து நேரத்தில் தலைவியின் உத்தரவை மீறியவள். நிரந்தரமாகாத வேலை, அன்றே சீட்டுக் கிழியும். சான்ட்ரா பார்க்கவில்லை என்றால் மெஹக் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஒரு பெண்ணின் வேலை மொத்தமும் சான்ட்ராவின் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரணை திங்கட்கிழமை, தி.நகர் ஆபீசில்.

சான்ட்ராவுக்கு அதுவரை ஒரு சந்தேகமும் இல்லை. பார்த்தாள். கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது: வட்டக் கண்ணாடி, அதற்குள் பச்சைப் புல், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மெஹக் பயத்தில் உளறுகிறாள், பாவம், சின்னப் பெண் என்றுதான் எண்ணினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அந்த எண்ணத்தில் மண் விழுந்தது.

அன்று மெஹக் போன் செய்து, பீச்சுக்கு வர முடியுமா என்று கேட்டாள். விசாரணைக்கு முன்னால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. சான்ட்ரா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எலியட்ஸ் பீச்சில் சோளக்கதிர் வண்டிகளைத் தாண்டி, மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மெஹக் உட்கார்ந்திருந்தாள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் வீடு. அப்பா அப்துல் சமத் தையல் கடை வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் விமானத்தில் ஏறிய முதல் ஆள் இவள்தான்.

"நான் கெஞ்ச வரல மேம்," என்றாள் மெஹக். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க நிஜமாவே பாத்தீங்களா?"

"பாத்தேன் மெஹக். புல்லு தெரிஞ்சுது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சரி மேம்."

கொஞ்ச நேரம் மணலைக் கிளறினாள்.

"அப்பா கேட்டாங்க, உன் மேடம் பொய் சொல்றாங்களான்னு. இல்லப்பா, அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். அப்ப நீ சொல்றியான்னாங்க. இல்லன்னேன். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் கேக்கல, மெஷின்ல போய் ஒக்காந்துட்டாங்க. எனக்கே ஒண்ணும் புரியல மேம். ஒருவேளை நீங்க வந்து பாத்து நான்தான் கவனிக்கலையோன்னு தோணுது. ஆனா அந்தக் கண்ணாடி முன்னாடி நான் நின்னுக்கிட்டு இருந்தேன். என்னைத் தள்ளாம எப்படிப் பாத்தீங்க?"

சான்ட்ரா அந்த அரை நிமிடத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். மெஹக்கைத் தள்ளிய ஞாபகம் இல்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஞாபகமும் இல்லை. ஞாபகத்தில் அந்தக் கண்ணாடி முன்னால் மெஹக்கே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெஹக் பொய் சொல்லவில்லை, அது முகத்தில் தெரிந்தது. தானும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் மெய்யாக இருக்க வழியில்லை. கேப்டன் வெள்ளைத்துரைக்குப் போன் போட்டாள். அவர் காக்பிட் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், ஒன்றும் பார்க்கவில்லை. "நீ அன்னைக்கு பிரமாதமா செஞ்சேம்மா, போட்டுக் கொழப்பிக்காதே," என்றார். குழப்பம் இன்னும் கூடியதுதான் மிச்சம். பணிப்பெண்களின் வாட்ஸாப் குழு ஏற்கெனவே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை முழுக்க அவள் சாப்பிட்ட தட்டை எங்கே வைத்தாள் என்றே தெரியாமல் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா ஃப்ளோரன்ஸ் விஷயத்தைக் கையில் எடுத்தாள். முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த மனுஷி. வகுப்பில் சண்டை வந்தால் இரண்டு பையன்களையும் நடந்ததை நடித்துக் காட்டச் சொல்வதுதான் அவள் வைத்தியம்.

"நீ வாயால சொல்றது எனக்கு வெளங்கல. நடிச்சுக் காட்டு," என்றாள். "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்."

"மம்மி, இதை நீங்க காலையிலேருந்து மூணு தடவை சொல்லிட்டீங்க," என்றான் ஷெல்டன். வேளச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எந்தத் தமாஷும் சம்மதம்.

ஹால் விமானமாயிற்று. பால்கனிக் கதவு இடது கதவு. எதிரே ஃப்ரிட்ஜ்தான் வலது கதவு. அதன்மேல் ஒட்டியிருந்த வட்டமான வேளாங்கண்ணி மாதா காந்தப் படம் கண்ணாடி. பால்கனி ஓரமாக இரண்டு சாப்பாட்டு நாற்காலி, சான்ட்ராவும் மெஹக்கும் உட்காரும் இடம். மெஹக்காக ஷெல்டன். நூற்று அறுபத்தெட்டுப் பயணிகளாகவும் ஃப்ளோரன்ஸே நடித்தாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"பையை விட்டுட்டு வாங்க," என்றாள் சான்ட்ரா, பழக்க தோஷத்தில்.

"ஆதார் கார்டு இருக்கு. விட மாட்டேன்."

முதல் தடவை: சான்ட்ரா எழுந்தாள், பால்கனிக் கதவைத் திறந்தாள், திரும்பி ஃப்ரிட்ஜுக்கு நடந்தாள், ஷெல்டனைத் தள்ளிவிட்டு மாதாவைப் பார்த்தாள், "திற" என்றாள், திரும்பி வந்தாள். அதற்குள் ஃப்ளோரன்ஸ் பையோடு பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ அங்க போயிட்ட. இங்க எங்களை எல்லாம் யார் எறக்கி விட்டது?" என்றாள் அம்மா.

"நான்தான்."

"நீ ஃப்ரிட்ஜ்கிட்ட இல்ல இருந்தே?"

சான்ட்ரா யோசித்தாள். இடது கதவில் ஒவ்வொரு ஆளையும் முதுகில் தொட்டுத் தள்ளியது கைக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் ஆள் நீலச் சட்டை. இரண்டாவது, கையில் குழந்தையோடு ஒரு அம்மா. மூன்றாவது வழுக்கைத் தலை. நடுவில் எந்த இடத்திலும் தான் விட்டுப் போன மாதிரி ஓர் இடைவெளி இல்லை.

"அக்கா, அன்னைக்கு தூறிக்கிட்டு இருந்துச்சுல்ல," என்றான் ஷெல்டன். "நீ பாத்த கண்ணாடில தண்ணி இருந்துச்சா?"

"இல்ல. தெளிவா இருந்துச்சு."

"மழையில கண்ணாடி எப்படித் தெளிவா இருக்கும்?"

"கதவு கொஞ்சம் உள்வாங்கி இருக்கும்டா," என்றாள் சான்ட்ரா. சொல்லும்போதே அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக மழையில் அந்தக் கண்ணாடியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவள் அவள்.

மூன்று தடவை நடித்தார்கள். மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி வந்தது. ஃப்ளோரன்ஸுக்கு மூச்சு வாங்கியது. விட்டுவிடலாம் என்று சான்ட்ரா சொல்லும் நேரத்தில் ஷெல்டன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "பெல்ட் போடலையே நாம. ஆரம்பமே தப்பு." விமானத்தில் அவர்கள் உட்காரும் இருக்கைக்கு இடுப்பில் ஒரு பட்டை, இரண்டு தோளிலும் இரண்டு பட்டை உண்டு. அம்மாவின் கோயில் முக்காட்டுத் துணியையும் ஒரு துப்பட்டாவையும் எடுத்துவந்து, அக்காவை நாற்காலியோடு சேர்த்து, இரண்டு தோள்வழியாக இழுத்துக் கட்டினான்.

சான்ட்ரா முதுகை நிமிர்த்தி, கையைத் தொடைமேல் வைத்து, கண்ணை மூடினாள். யாரும் சொல்லவில்லை. அந்தப் பட்டை தோளில் அழுத்தினால் உடம்பு தானாகவே அப்படிச் செய்யும்.

படம் வந்தது. வட்டக் கண்ணாடி. பச்சைப் புல். ஓரத்தில் வெள்ளைக் கோடு. மூன்று தடவை நடந்து போயும் வராத படம், உட்கார்ந்த இடத்திலேயே, முழுசாக, மழையில்லாமல், மெஹக் இல்லாமல் வந்தது. கூடவே இரண்டு தோளிலும் அழுத்தம்.

கட்டை அவிழ்த்துவிட்டு ஃப்ரிட்ஜுக்கு நடந்தாள். படம் போய்விட்டது. மாதாதான் இருந்தாள். திரும்ப வந்து கட்டச் சொன்னாள். படம் வந்தது. அவிழ்த்தாள், போயிற்று. நாலு முறை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு முறை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும், பணிப்பெண்கள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதாகப் பயணிகள் நினைப்பார்கள். அவர்கள் சும்மா இல்லை. முப்பது விநாடி மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பார்கள்: இப்போது ஆபத்து வந்தால் என்ன செய்வேன், கண்ணாடியைப் பார்ப்பேன், ஒன்றுமில்லை, கதவைத் திறப்பேன், கத்துவேன். ஒரு நாளைக்கு எட்டு முறை. சான்ட்ரா தலைவியாவதற்கு முன்னால் எட்டு வருஷம் வலது கதவுக்காரியாக இருந்தவள். அந்த வலது கண்ணாடியை அவள் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறாள், தோளில் பட்டையோடு, உட்கார்ந்த இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு. அவள் ஒத்திகையில் ஒரு நாளும் மழை பெய்ததில்லை. குறுக்கே யாரும் நின்றதும் இல்லை.

அந்தப் புதன்கிழமை அவள் பார்த்தாளா, இல்லையா? அது அவளுக்கு இப்போதும் தெரியவில்லை. ஆனால் பார்த்ததாக எழுதிக் கொடுத்த படம் அந்தப் புதன்கிழமையின் படம் இல்லை. பெல்ட்டோடு யாரும் நடந்து போய் எதிர்க் கதவில் எட்டிப் பார்க்க முடியாது.

சான்ட்ராவுக்குப் பயம் வந்தது. புகை வந்த அன்றுகூட இப்படிப் பயம் வரவில்லை. அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இப்போது தன் ஞாபகத்தில் எதைத் தொட்டாலும் அது நடந்ததா, ஒத்திகையா என்று கேட்க வேண்டியிருந்தது. நீலச் சட்டைக்காரர் நிஜமா? அந்தக் குழந்தை?

"அப்ப நீ பொய்யா எழுதிட்டே?" என்றாள் ஃப்ளோரன்ஸ் மெதுவாக.

"பொய்யில்ல மம்மி. ஆனா நெசமும் இல்ல. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல."

ஷெல்டன் துப்பட்டாவை மடித்தான். "அக்கா, இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. சொன்னா உன் தலைவி பேட்ஜ் போயிடும்ல?"

"போயிடும்."

ஃப்ளோரன்ஸ் எப்போதும் இந்த மாதிரி இடத்தில் ஒரு பழமொழி வைத்திருப்பாள். அன்றைக்கு மட்டும் நாற்காலிகளைத் திரும்பச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மீன் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஆட்டோவில் அடையாறு பாலம் தாண்டும்வரை சான்ட்ரா எதையும் தீர்மானிக்கவில்லை. சிக்னலில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா மேடம், யூனிபார்ம் போட்டுக்கினு ஏர்போர்ட்டுக்கு போவாம தி.நகர் போறீங்கோ? லீவா?"

"தெரியலைங்க," என்றாள் சான்ட்ரா.

"அதுவும் கரீட்டுதான்," என்றார் அவர்.

ஆபீஸ் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. மெஹக் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அடையாள அட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு. திருப்பிக் கொடுக்கத் தயாராக வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. சான்ட்ராவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி கேப்டன் புகழேந்தி, இருபத்தைந்து வருஷம் விமானம் ஓட்டிவிட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர். பக்கத்தில் ஒருத்தர் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அறிக்கை தெளிவா இருக்கு. உறுதி பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும்," என்றார் புகழேந்தி.

"சார், அதுல ஒரு வரியை எடுக்கணும். வலது கண்ணாடியைப் பாத்தேன்ங்கற வரி."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கலையா?"

"தெரியல சார்."

"பாத்தீங்களா, பாக்கலையா? ஒரு வார்த்தை போதும்."

"நான் பாத்ததா நெனைச்சது அன்னைக்குப் பாத்தது இல்ல சார். அது மட்டும் தெரியும். மத்தது தெரியல."

பிறகு சொன்னாள். நாற்காலி, முக்காட்டுத் துணி, துப்பட்டா, ஃப்ரிட்ஜ், மாதா, எல்லாவற்றையும். லேப்டாப்காரர் துப்பட்டாவை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கையை நிறுத்திவிட்டார். புகழேந்தியின் முகத்தில் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

"பதினோரு வருஷ சர்வீஸ். வீட்டு ஹால்ல நாடகம் போட்டு, அதை வெச்சு அறிக்கையை மாத்தச் சொல்றீங்க. நாளைக்கு உங்களை நம்பி நான் எப்படி ஒரு ஃப்ளைட்டை ஒப்படைக்கிறது?"

"அது எனக்கும் தெரியல சார்," என்றாள். அப்புறம் கேட்டாள்: "நீங்களும் ஒவ்வொரு தடவை கெளம்பறப்பவும், ஒரு இன்ஜின் நின்னுட்டா என்ன பண்ணணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருப்பீங்கல்ல. நிஜமா என்னைக்காவது நின்னிருக்கா சார்?"

"ஒரு தடவை."

"அன்னைக்கு நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கறது அத்தனையும் அன்னைக்கு நடந்ததுதானா?"

புகழேந்தி உடனே பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, அது போனதோ, சான்ட்ரா கேட்கவில்லை.

"எழுதிக்கோங்க," என்றார் கடைசியில் பக்கத்து ஆளிடம். "தலைவி அந்த வரியை வாபஸ் வாங்கறாங்க." பிறகு சான்ட்ராவிடம், "பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க. மறுபடி பயிற்சி. எத்தனை மாசம்னு அப்புறம் சொல்றேன்."

பேட்ஜ் சட்டையில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மெஹக் உள்ளே போனாள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்தாள். அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். மெஹக் நன்றி சொல்ல ஆரம்பித்தாள், சான்ட்ரா கையை அசைத்து நிறுத்தினாள். அவளுக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மூன்று நாளாக அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

"நான் ரெண்டு தடவை திறன்னு கத்தினேன். நான் உன் லீடர். அஞ்சு மாசத்துல நீ என்னை எதுக்கும் எதிர்த்துப் பேசினது இல்ல. அன்னைக்கு மட்டும் ஏன் நம்பல?"

மெஹக் தயங்கினாள். கீழே ஜவுளிக்கடையில் மைக்கில் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க குரல் ரொம்பத் தெளிவா இருந்துச்சு மேம். எனக்குக் கண்ணாடியில தெரியறது என்னன்னே புரியல. அதையே பாத்துக்கிட்டு இருக்கேன், அப்பவும் புரியல. அந்தக் கண்ணாடிய நீங்க பாத்திருந்தா, உங்களால அவ்ளோ தெளிவாக் கத்தியிருக்க முடியாது. அதான் திறக்கல."

சான்ட்ரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டு நாள், இரண்டு துணி, ஒரு ஃப்ரிட்ஜ் வைத்துக் கண்டுபிடித்ததை, இந்தப் பெண் அந்த அரை நிமிடத்திலேயே தெரிந்து வைத்திருக்கிறாள்.

"இதை ஏன் நீ எழுதல? உள்ள சொன்னியா?"

"இல்ல மேம்."

"ஏன்?"

"சீனியரப் பத்தி அப்படி எழுதலாமா மேம்?" என்றாள் மெஹக். "அதனாலதான் காணலன்னு மட்டும் எழுதினேன்."

வேலை போனாலும் போகட்டும் என்று இந்தப் பெண் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். இப்போதுதான் சான்ட்ராவுக்கு அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, இறங்கிவந்த படிகளில் திரும்பி ஏற ஆரம்பித்தாள்.

"வா," என்றாள். "இதையும் எழுதிக்கச் சொல்லலாம்."